நான் பார்த்த நீலப் பாவாடை

எங்கள் தாத்தா உயிர் விட்ட நேரத்தில் அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம்: அத்தை, அக்கா, நான். அக்கா இருந்தாளா இல்லையா என்பதில்தான் பின்னால் வழக்கே வந்தது. அதனால் மூன்று பேர் என்று சொல்வதா, இரண்டு பேர் என்று சொல்வதா என்று எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். மூன்று என்று சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

அப்போது எனக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. பண்ணைக்காட்டில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து சரிவில் இறங்கி நடந்தால், காப்பிச் செடிகளுக்கு நடுவே எங்கள் வீடும் அத்தை வீடும் அடுத்தடுத்து இருந்தன. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகி நாலே வருஷத்தில் கணவனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள். அந்தக் கைக்குழந்தைதான் வளர்ந்து எங்கள் மச்சான் ஆனது. மச்சான் மலைவாழைத் தார்களை ஜீப்பில் ஏற்றி வத்தலக்குண்டு சந்தைக்குக் கொண்டுபோவார். திரும்பி வரும்போது மறக்காமல் எனக்கு ரப்பர் வளையல் வாங்கி வருவார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு அப்போதும் ஒன்றும் கிடையாது, இப்போதும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் யார் என்று தேடித் தேடி நானே அலுத்துப் போயிருக்கிறேன்.

தாத்தா இறந்தது ஐப்பசி அடைமழையில். அம்மா என் தம்பியைப் பெற்றெடுக்க வத்தலக்குண்டில் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா கொடைக்கானலில் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தாத்தாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, பேத்தியை அனுப்பி வையுங்கள் என்று காலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, அப்பா டாக்டரைக் கூட்டிவர மலையிறங்கிப் போனார். மச்சான் முந்தின நாளே வாழைத்தாரோடு கீழே போயிருந்தார். ஆக, வீட்டில் தாத்தாவும் அத்தையும் நானும்தான். மழை கொஞ்சம் விட்டதும், அழுகைச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத் தோட்டத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். அப்போது தாத்தா போய்விட்டிருந்தார். அக்கா நனைந்த தலையோடு கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் வந்தது தாத்தா போவதற்கு முன்பா பின்பா என்று அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

முப்பதாம் நாள் காரியத்தில் முப்பது கும்பிட வந்தவர்களிடம் அத்தை சொன்னது இவ்வளவுதான்: "கடைசியா வாயி அசைஞ்சுச்சு. என்னமோ சொல்ல வந்தாரு. ஒண்ணும் வெளங்கல." தம்பியைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் மலையேறி வந்திருந்த அம்மா இதைத் தன் காதால் கேட்டிருக்கிறாள்.

ஆறேழு மாதம் கழித்து, "பேத்தியத்தான் கேட்டிருக்காரு" என்று அது ஆனது. வருஷம் திரும்பித் திதி கொடுத்த அன்றைக்கு, "பேத்தி உள்ள வரவும் கண்ணத் தொறந்து பாத்துட்டாரு" என்றாகியிருந்தது. அதற்கடுத்த காப்பிப் பருவத்தில் தாத்தா பேசவே ஆரம்பித்துவிட்டார். அக்காவின் கையைப் பிடித்து அத்தையின் கையில் வைத்து, "இவ உன் வீட்டுக்குத்தான் ஆத்தா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். உயிரோடு இருந்த காலத்தில் தாத்தா இவ்வளவு ஒழுங்காக ஒரு வாக்கியத்தைப் பேசி முடித்து நான் கேட்டதில்லை; பாதிப் பேச்சைப் புகையிலை தின்றுவிடும்.

அத்தை பொய் சொல்கிறவள் அல்ல. ஓர் உழக்குச் சீனி கடன் வாங்கினால் தலைதட்டாமல் கும்பாரமாகத் திருப்பித் தருகிறவள். அந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பழைய அழுகையைத் திரும்ப அழுத மாதிரி இருக்காது, அப்போதுதான் தாத்தா போனது போல இருக்கும். அதைப் பார்த்துவிட்டு யார் போய் மறுத்துப் பேசுவார்கள்?

இந்தக் கதை வளர்ந்த இடம் எங்கள் தகரக் கொட்டகை. களத்தில் காய்ந்த காப்பிப் பழத்தை இடித்துப் புடைத்த பிறகு, கறுத்துப்போன கொட்டை, உடைந்த கொட்டை, பூச்சி அரித்த கொட்டை எல்லாவற்றையும் கையால் பொறுக்கித் தள்ள வேண்டும். தையிலிருந்து பங்குனி வரைக்கும் பெண்கள் வரிசையாகச் சாக்கு விரித்து உட்கார்ந்து பொறுக்குவார்கள். அது கண்ணுக்கும் விரலுக்கும் மட்டுமான வேலை. வாயும் காதும் சும்மா கிடக்கும். வேலைக்குப் புதிதாக ஒருத்தி வந்து உட்கார்ந்தால் போதும், அத்தை அந்த ஐப்பசி மழையிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். கேட்ட கதைதானே என்று பழைய ஆட்கள் எழுந்து போகவும் முடியாது. பொறுக்குகிற கையை நிறுத்தாமல் திரும்பவும் கேட்பார்கள்.

அங்கே கண்டிக்காரம்மா என்று ஒருத்தி இருந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, எப்படியோ எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தவள். அவள் வந்ததே தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆன பிறகு. முதல் பருவத்தில் கதையைக் கேட்டு, "அப்பிடீங்களா?" என்றாள். இரண்டாம் பருவத்தில், "ஐயாவுக்குக் கை நடுங்கியிருக்குமுங்களே" என்று எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் பருவத்தில் அத்தை தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்த சமயம், புதிதாக வந்தவளுக்கு அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்: "மழைன்னா அப்பிடி ஒரு மழைங்க. எங்க தோட்டத்துல, லயத்து வீட்டுக் கூரையில பேயுமே அந்த மாதிரி. ஐயா கண்ணு வாசலையே பாத்துக்கிட்டிருக்குது. கையி நடுங்குது."

நான் அப்போது கொட்டகையில் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இவள் அன்றைக்குக் கடலுக்கு அந்தப்பக்கம் அல்லவா இருந்தாள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பெரியவர்கள் எங்கிருந்தாலும் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

என்னையும் அத்தை விடவில்லை. கதை முடிந்ததும் என் பக்கம் திரும்புவாள். "ஏட்டி, நீதான கட்டில் காலப் புடிச்சுக்கிட்டு நின்ன? நீ பாத்தயில்ல?"

முதல் தடவை, "தெரியல அத்தை" என்றேன். கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை, சிரிப்பார்களே என்று தலையை மட்டும் ஆட்டினேன். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, யாரும் கேட்காமலே, "கம்பளி கீழ விழுந்து கெடந்துச்சு" என்றேன். எங்கிருந்து அது வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன மாத்திரத்தில் கட்டிலுக்குக் கீழே கம்பளி விழுந்து கிடந்ததைப் பார்த்தேன். "பாத்தீகளா, பச்சப்புள்ள எம்புட்டு ஞாபகம் வச்சிருக்குன்னு!" என்று அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தாத்தாவின் கை மேலே எழும்புவதும், அக்காவின் கையைப் பிடிப்பதும், அத்தையின் உள்ளங்கையில் கொண்டு வைப்பதும் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. இன்றைக்கும் தெரிகின்றன. கண்ணை மூடினால் போதும்.

என் மேலும் ரொம்பக் குற்றம் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் அப்போது பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்கள். எட்டுப் பதினாறு ஏன் நூற்றிருபத்தெட்டு என்று நான் ஒருநாள் கேட்டேன். கேள்வி கேட்காமல் நூறு தடவை சொல், தானாக வரும் என்றார் வாத்தியார். சொன்னேன், வந்தது. ஒரு தடவை சொன்னால் அது பொய்யாகவும் இருக்கலாம், நூறு தடவை சொன்னால் அது பாடம் என்றுதான் நான் உலகத்தைப் புரிந்து வைத்திருந்தேன். இதில் எது வாய்ப்பாடு, எது அத்தையின் கதை என்று பிரித்துப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அக்கா விடுதியில் இருந்ததால் இந்தக் கதை அவள் காதுக்கு முழுதாக வந்து சேரவில்லை. லீவுக்கு வரும்போது யாராவது கேலியாக, "என்ன, அத்தை வீட்டுக்கு வந்த மருமகளா?" என்று கேட்பார்கள். முறைப்பெண்ணை அப்படிக் கேட்பது வழக்கம்தானே என்று அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவாள்.

பத்தாவதுக்கு மேலே பிளஸ் டூ என்று புதிதாக வந்திருந்த காலம். அக்கா அதையும் முடித்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் அவ்வளவு தூரம் படித்ததே பெரிய விஷயம். விடுதியில் இருந்த ஒரு சிஸ்டர் சொல்லி, மதுரையில் நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஆனி மாதத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. ஆடி பிறப்பதற்குள் வந்து சேர வேண்டும். அக்கா அந்தக் கடிதத்தை எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, திரும்பத் தனக்கு ஒரு தடவை வாசித்துக்கொண்டாள். அப்பா அன்று சாயங்காலம் முழுவதும் சீட்டியடித்துக்கொண்டே மிளகுக்கொடிகளைப் பார்க்கப் போனார்.

மறுநாள் காலையில் அத்தை வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"தம்பி, புள்ளைய மதுரைக்கு அனுப்பப் போறயாம்ல? அப்பா வாக்கு என்ன ஆகுறது? ஆவணியில முடிச்சுருவோம்" என்றாள். சண்டை போடும் குரலே இல்லை. ஞாபகப்படுத்துகிற குரல்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "என்ன வாக்கு?" என்று கேட்டாள். அத்தை சொன்னாள். கேட்டு முடித்ததும் அக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நான் வரையில தாத்தா உசுரோடயே இல்லையே அத்தை! நீங்க வாய்க்கட்டு கட்டியிருந்தீக. கால் கட்டைவெரலக் கட்டுனப்ப நான்தான வெரலச் சேத்துப் புடிச்சேன்?"

அத்தைக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் பிழைத்திருப்போம். அவள் அக்காவின் கன்னத்தைத் தடவி, "மறந்துட்டயா தாயி? ஒனக்கு அன்னைக்கு அதிர்ச்சி. சின்னப் புள்ள" என்று அழுதாள்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஒண்ணும் வெளங்கலன்னுதான மதினி முப்பதுக்குச் சொன்னீக?"

"அன்னைக்கு எம் மனசு எங்க தாயி நெலையில இருந்துச்சு? பெறகுதான ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு."

அத்தைக்குப் பின்னால் மச்சான் வந்து முற்றத்தில் நின்றிருந்தார். "அதுக்கு இஷ்டமில்லன்னா விடும்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த ஒரு சொல்லால் அவர் இன்னும் நல்லவராகிப் போனார். அக்காவுக்கு வேண்டாம் என்று சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது.

அப்பாதான் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் படிக்க வைக்க அவருக்கு ஆசை. ஆனால் சாகப்போகிறவர் கைசேர்த்துக் கொடுத்த வாக்கை மீறினால் அந்த ஆத்மா வாசலைத் தாண்டாது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு. பெற்ற தகப்பன் கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போன குறை வேறு அவருக்கு. "அந்த நேரத்துல அங்க இருந்தது நீங்க மூணு பேரு. ரெண்டு பேரு ரெண்டு மாதிரி சொல்றீக. சின்னதக் கேட்டுருவோம். நாளைக்கு அப்பா படத்து முன்னாடி சூடத்தப் பொருத்தி வச்சுக் கேப்போம். பச்சப்புள்ள வாயில பொய் வராது" என்றார். அத்தை உடனே சரி என்றாள். அக்காவும் சரி என்றாள். தன் கூடப் படுத்துத் தூங்குகிற தங்கைதானே என்ற தைரியம்.

அன்று மத்தியானம் அக்கா துணி துவைக்க ஓடைக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். என்னைக் கல்லின்மேல் உட்கார வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"நெசமாச் சொல்லு. அன்னைக்கு நீ என்ன பாத்த?"

தாத்தா கையைப் பிடித்துக் கொடுத்ததைச் சொன்னேன்.

"நான் எங்க நின்னேன்?"

"தாத்தா தலமாட்டுல."

"என்ன போட்டிருந்தேன்?"

"பச்சத் தாவணி" என்றேன். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அக்கா கையிலிருந்த துணியைத் தண்ணீரில் போட்டுவிட்டாள். "பச்சத் தாவணி நான் பத்தாவது பாஸானதுக்கு எடுத்ததுடி. தாத்தா செத்து ஒண்ணர வருசம் கழிச்சு! அன்னைக்கு நான் பள்ளிக்கூடத்துலருந்து அப்பிடியே பஸ் ஏறுனேன். நீலப் பாவாட, வெள்ளச் சட்ட. இப்பப் புரியுதா? நீ பாக்கல. அத்தை சொல்லிச் சொல்லி நீ பாத்த மாதிரி இருக்கு. அம்புட்டுத்தான்."

பாத்த மாதிரி இருப்பதற்கும் பார்த்ததற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு அப்பா கேட்டா, தெரியலன்னு சொல்லு. பொய் சொல்ல வேணாம். சின்னப் புள்ளையா இருந்தேன், தெரியலன்னு மட்டும் சொல்லு. போதும். நான் மதுரைக்குப் போயிருவேன்."

சரி என்று தலையாட்டினேன். அக்கா மதுரைக்குப் போக வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை; லீவுக்கு வரும்போது வெள்ளைத் தொப்பி கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அன்று பொழுது சாயும் வரை தெரியல, தெரியல, தெரியல என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்ப்பாட்டை விட அதிக தடவை சொல்லியிருப்பேன். ஆனால் அத்தை மூன்று பருவம் சொல்லியிருந்தாள். நான் ஒரே ஒரு மத்தியானம் சொன்னேன்.

மறுநாள் காலையில் தாத்தா படத்துக்கு முன்னால் அப்பா சூடம் ஏற்றினார். அத்தை, மச்சான், அம்மா, அக்கா எல்லோரும் நின்றார்கள். களத்துக்கு வந்திருந்த கண்டிக்காரம்மாவும் கதவோரம் வந்து நின்றுகொண்டாள். அப்பா என்னைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "பயப்படாத. பாத்தியா, பாக்கலையா, அத மட்டும் சொல்லு" என்றார்.

தெரியல என்று சொல்ல வாயைத் திறந்தேன். சூடம் எரிந்துகொண்டிருந்தது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பது எனக்குத் தெரியும். கண்ணை மூடினேன். கட்டில் தெரிகிறது, கம்பளி தெரிகிறது, தாத்தாவின் கை தெரிகிறது. தெரிவதை எப்படித் தெரியல என்று சொல்வது? அதுதானே பொய்? அக்கா என்னைப் பொய் சொல்ல வேண்டாம் என்று அல்லவா சொன்னாள்? நான் சொன்னதில் தப்பு அந்தப் பச்சைத் தாவணி மட்டும்தான். அதைத்தான் அக்கா திருத்திவிட்டாளே என்று தோன்றியது. அக்காவுக்காக அதை மட்டும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"அக்கா நீலப் பாவாட, வெள்ளச் சட்ட போட்டிருந்துச்சு. தாத்தா அக்கா கையப் புடிச்சு அத்தை கையில வச்சாரு."

"அட கடவுளே, ஸ்கூல் உடுப்புங்க! ஸ்கூல்லருந்து நேரா வந்த உடுப்பு!" என்று கண்டிக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தை என்னை அள்ளி எடுத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பா சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அஞ்சு வயது நிரம்பாத காலத்தில் பார்த்த உடுப்பின் நிறம் முதற்கொண்டு ஒரு குழந்தை சொல்கிறதென்றால் அப்புறம் என்ன கேட்பதற்கு இருக்கிறது?

சரியாகச் சொல்லிவிட்டேன் பார்த்தாயா என்று அத்தையின் தோளுக்கு மேலிருந்து அக்காவைப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. விடை சரியாக வரவேண்டிய கணக்கில் எங்கே இடறிவிட்டது என்று தேடுகிறவள் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆடி பிறந்தது. மதுரைக் கடிதம் தகரப் பெட்டிக்குள் போனது. அக்கா என்னைத் திட்டவில்லை. எப்போதும் போலத் தலை பின்னிவிட்டாள். அவள் அடம்பிடித்திருக்கலாமே என்று இப்போது யாராவது கேட்கலாம். பிடிக்காமல் இல்லை, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஆனால் அந்த ஒரு மாதம் அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அத்தை சொன்னாள், அப்பா சொன்னார், பத்திரிகை கொடுக்கப் போன வீட்டில் சொன்னார்கள், பூக்கட்டுகிறவள்கூடச் சொன்னாள்: "அதிர்ச்சியில மறந்துட்ட தாயி. தங்கச்சிக்கே ஞாபகம் இருக்கு, ஒனக்கு இல்லையா?"

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, "நெசமாவே நீலப் பாவாடையில பாத்தயா, நான் சொன்னதுனால பாத்தயா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்" என்றேன். பச்சை அதற்குள் எங்கேயோ போய்விட்டிருந்தது. எவ்வளவு தேடினாலும் நீலம்தான் வந்தது.

அக்கா பின்னலின் நுனியில் ரிப்பனை முடிந்தாள். பிறகு, "தலமாட்டுலயா நின்னேன்?" என்று கேட்டாள். அவள் என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். அக்கா பக்கத்து வீட்டுக்குத்தான் போனாள் என்பதால் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மச்சான் அவளை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாசிமாதம். கொட்டகையில் கொட்டை பொறுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அத்தைக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தாள். அத்தை உட்காரும் இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கீழ்மலைப் பக்கத்திலிருந்து வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். நீ எந்த ஊர், யார் வீடு என்று பேச்சு வந்ததும், அத்தை இல்லாத குறையைத் தீர்க்கக் கண்டிக்காரம்மா ஆரம்பித்தாள். மழை வந்தது. கம்பளி விழுந்தது. "இந்தப் புள்ளையோட வலது கையப் புடிச்சு ஐயா..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"வலது கை இல்ல. இடது கை. வலது கையில நான் பைய வச்சிருந்தேன்."

கொட்டகையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கறுத்த கொட்டையை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே மேலே சொன்னாள். "தாத்தா கை சில்லுன்னு இருந்துச்சு. புடிச்சதும் எனக்கு ஒடம்பு தூக்கிப் போட்டுச்சு. அப்பிடியே அத்தை கையில கொண்டுபோய் வச்சாரு. என்னமோ சொன்னாரு. இவ உன் வீட்டுக்குன்னுதான் சொல்லியிருப்பாரு."

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. இத்தனை மாதமாக என் நெஞ்சில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டேதான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, அக்காவே சொல்லிவிட்டாள்! அப்படியே எழுந்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அக்காவுக்கு ஞாபகம் வந்துருச்சு! தாத்தா கையப் புடிச்சது எல்லாம் ஞாபகம் வந்துருச்சாம்!"

அம்மாவின் கை நின்றது. "யாரு அவகிட்டக் கேட்டது?"

"யாரும் கேக்கலம்மா. அதுவாத்தான் சொல்லுச்சு."

"என்ன சொன்னா?"

"இடது கையத்தான் புடிச்சாராம். தாத்தா கை சில்லுன்னு இருந்துச்சாம்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். சத்தமே வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. அக்காவுக்கே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, இனிமேல் யாருக்கும் யார்மேலும் சந்தேகம் இல்லை, இதற்கு எதற்கு அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவின் முதுகை இரண்டு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, என் பங்குக் கொட்டையைப் பொறுக்கத் திரும்பவும் கொட்டகைக்கு ஓடினேன்.